இலையைத் தாண்டிப் போன பாயசம்

கோவில்பட்டியில் ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். அந்த மாதம் மட்டும் எட்டயபுரம் ரோட்டில் இருக்கிற ஒரு சின்ன மண்டபத்தின் உரிமையாளர், சாப்பாட்டு ஹாலைத் திறந்து மங்களேஸ்வரி டீச்சரிடம் சாவியைக் கொடுத்துவிடுவார்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அங்கே வருவார்கள். எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது, எந்தப் பாடத்தைக் கேட்பது, கலந்தாய்வுக்கு என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் டீச்சர் உதவுவார். காசு வாங்க மாட்டார். பந்தி மேசைகளில் இலைக்குப் பதிலாக லேப்டாப் இருக்கும். சுவரை விட்டுச் சாம்பார் வாசம் மட்டும் போகாது. பசியோடு வருகிற பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் கொடுமைதான்.

டீச்சருக்கு ஒரு சீடர் உண்டு. பெயர் நல்லபெருமாள். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்தொன்று.

இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வந்து, "எனக்கும் இந்த வேலையச் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று நின்றார். பென்ஷன் வாங்குகிற வயதில் பாடம் படிக்கப் போகிறாராம் என்று தெருவில் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒரே ஆடியில் அவர் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டார். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் போன வருஷம் எவ்வளவு மார்க்கோடு நிரம்பியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பிள்ளை உட்கார்ந்து மார்க்கைச் சொல்லி முடிப்பதற்குள், "இது கிடைக்கும், இது கிடைக்காது" என்று தீர்ப்பு வந்துவிடும்.

டீச்சர் வழி வேறு. "உனக்கு என்ன படிக்கணும்னு ஆசை?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். பிள்ளை நெளியும். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்கும். டீச்சரும் கூடச் சேர்ந்து ஃபேனைப் பார்ப்பார்.

"எதுக்கு டீச்சர் இவ்வளவு நேரம்? அதுக்குள்ள நாலு பிள்ளைகளுக்கு முடிச்சிரலாமே?" என்று நல்லபெருமாள் ஒருநாள் கேட்டார்.

"முடிச்சிரலாம் அண்ணாச்சி."

அதை ஒரு பதில் என்று நல்லபெருமாளால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். தனியாக வந்திருந்தாள். டீச்சர் அப்போது ஒரு பையனின் தகப்பனாரிடம் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பையனைப் பேசவே விடவில்லை. ஆகவே இசக்கி நல்லபெருமாளின் மேசைக்கு வந்தாள்.

"அப்பா வரலியாம்மா?"

"அப்பா லாரி ஓட்டுறாரு சார். எதுக்கும் வர முடியாது."

"அம்மா?"

"தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிருக்கு. லீவு போட்டா அன்னிக்குக் கூலி கிடையாது."

மார்க்கைப் பார்த்தார். நல்ல மார்க்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவள் பொறியியல் கலந்தாய்வுக்குப் பட்டியல் போட்டாக வேண்டும். வேண்டிய கல்லூரியையும் பாடத்தையும் வரிசையாக எழுத வேண்டும். மேலே எழுதியதைத்தான் கணினி முதலில் பார்க்கும். அதில் இடமில்லை என்றால் அடுத்த வரி, அதுவும் இல்லை என்றால் அதற்கடுத்தது. எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பட்டியலைப் பூட்டிவிட்டால் பிறகு தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

"என்ன படிக்கணும்?"

"எதுன்னாலும் சரி சார்."

"எதுன்னாலும்னு ஒரு பாடம் எந்தக் காலேஜ்லயும் இல்லையேம்மா."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த தைரியத்தில் சொன்னாள்.

"ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல சார். சென்னையில."

நல்லபெருமாள் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பாடத்தின் பெயரை அந்த ஹாலில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல சார். அப்பா போன் பண்ணும்போது எந்த ஊர்ல நிக்காருன்னு சொல்லுவாரு. நான் செல்லுல மேப்பத் திறந்து அந்த ஊரத் தேடிப் பாப்பேன். ஒரு தடவ அவரு போன ரோடு மேப்பிலயே இல்ல. ரோட்டுல லாரி போகுது, மேப்பில ரோடே இல்ல. இத யாரு போடுவாங்கன்னு பாத்தேன். அதுக்கு ஒரு படிப்பு இருக்குன்னு தெரிஞ்சது."

"வீட்டுல சொன்னியா?"

"இல்ல சார். கிடைக்காததச் சொல்லி என்ன செய்ய?"

நல்லபெருமாள் எதையும் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. அவருக்குத் தெரியும். போன வருஷம் அந்தப் பாடம் இவளுடைய மார்க்குக்கு ரொம்ப மேலேயே நிரம்பிவிட்டது.

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. போன ஆடியில் இதே மேசையில் ஒரு பையன், கேட்டது கிடைக்காமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை இன்னும் அவர் நெஞ்சில் கிடந்தது. இன்னொரு பிள்ளையை அப்படிப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

"கிடைக்காதும்மா" என்றார். "எழுதி வச்சுட்டு அப்புறம் கண்ணக் கசக்க வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு நல்ல காலேஜ் இருக்கு. அதுல சிவில் எழுதுறேன். உனக்குக் கட்டாயம் கிடைக்கும்."

"சரி சார்."

"சந்தோஷம்தானே?"

"சந்தோஷம் சார். ரொம்ப நன்றி சார்."

முதல் வரியில் சிவில் ஏறியது. கீழே இன்னும் சில கல்லூரிகள். சென்னை எங்கேயும் இல்லை. பூட்டப் போகும்போது ஓ.டி.பி. நம்பர் கேட்டது. அது அவள் அப்பா அய்யாத்துரையின் போனுக்குப் போகும். கூப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.

"ஒடிசாப் பக்கம் காட்டு ரோட்டுல போறாரு சார். டவர் இருக்காது."

"பரவால்ல. நாளைக்கு வா. நம்பர வாங்கிப் பூட்டிருவோம்."

அவள் போனதும் நல்லபெருமாள் டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. டீச்சர் பட்டியலைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை கேட்டது எங்க அண்ணாச்சி?"

"அது கிடைக்காது டீச்சர்."

"சரி. எங்க?"

"எழுதல. கிடைக்காதுன்னு தெரிஞ்சும் எழுதி எதுக்குப் பிள்ளைய ஏமாத்தணும்?"

டீச்சர் லேப்டாப்பை மூடினார். நல்லபெருமாளுக்கு உறுத்தியது. அவர் விடுகிற ஆள் இல்லை.

"நான் செஞ்சது தப்பா டீச்சர்?"

"நாளைக்கு ஆடி வெள்ளி. மண்டபத்துக்காரர் வீட்டுல எல்லாருக்கும் சாப்பாடு அனுப்புறாங்க. நேரத்தோட வந்துருங்க அண்ணாச்சி."

நல்லபெருமாள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனதுக்குள் முணுமுணுத்தார். தப்பு என்றால் தப்பு என்று சொல்ல வேண்டியதுதானே! குருவாக இருப்பவர்களுக்கெல்லாம் இந்த ஒரு கெட்ட பழக்கம் உண்டு போலிருக்கிறது.

மறுநாள் லேப்டாப்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு இலை போட்டார்கள். ரொம்ப நாளைக்கப்புறம் மேசைகளுக்கு அவற்றின் சொந்த வேலை கிடைத்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள், நடுவில் நல்லபெருமாளும். டீச்சரே பரிமாறினார். சாம்பார், ரசம், கூட்டு, அப்பளம், எல்லாம் அவருடைய இலைக்கும் ஒழுங்காக வந்தது.

பிறகு பாயசம் வந்தது. பாசிப்பருப்புப் பாயசம். வாளியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் ஒவ்வொரு இலையாக ஊற்றிக்கொண்டு வந்தார். நல்லபெருமாளுக்கு முந்தைய இலையில் ஊற்றினார். அவரைத் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

நல்லபெருமாள் இலையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், இங்க?"

"உங்களுக்குத்தான் சுகர் இருக்கே அண்ணாச்சி."

"இருக்கு."

"ஊத்தினா குடிக்கவா போறீங்க?"

"குடிக்க மாட்டேன்."

"பிறகென்ன?"

நல்லபெருமாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "பிறகென்னவா? அதுக்காகக் கேக்காமலே தாண்டிப் போறதா? வேண்டாம்னு நான்ல சொல்லணும்!"

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் வாளியும் கரண்டியுமாக அப்படியே நின்றார்.

இலையில் ரசம் ஒரு ஓரமாக ஓடி, மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. நல்லபெருமாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலையை மூடினார். மோருக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்து கையைக் கழுவினார்.

"டீச்சர், அந்தப் பிள்ளை எத்தன மணி பஸ்ஸுக்கு வரும்?"

"மூணு மணி பஸ்ஸுக்கு வரேன்னு சொல்லியிருக்கு."

மூன்று மணி பஸ் வந்தது. அவள் அதில் இல்லை. ஆடி வெள்ளி, கோயிலுக்குப் போகிற கூட்டம், எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை என்றார்கள். நல்லபெருமாள் மண்டபத்து வாசலில் வெயிலில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. ஒருவேளை வேறு யாரையாவது வைத்து, அவர் எழுதிக் கொடுத்ததையே பூட்டிவிட்டால்? ரோட்டுக்கே போய் அடுத்த பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

நாலரை மணிக்கு இசக்கி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"மன்னிச்சிருங்க சார், பஸ்ஸு..."

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்க? நான்தான் கேக்கணும். நீ கேட்டத நான் எழுதாம விட்டுட்டேன். வா, மேல எழுதுவோம்."

"கிடைக்காதுன்னு சொன்னீங்களே சார்?"

"கிடைக்காதுன்னுதான் இப்பவும் நெனைக்கேன். ஆனா அதச் சொல்ல நான் யாரு? சொல்ல வேண்டியவங்க சொல்லட்டும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர்கள் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

"எழுதுங்க சார்" என்றாள்.

"நான் எழுத மாட்டேன். நீயே எழுது."

அவளே தட்டினாள். அவசரத்தில் ஒரு தடவை தப்பாகி, அழித்து மறுபடி தட்டினாள். முதல் வரியில் சென்னை வந்து உட்கார்ந்தது. திருநெல்வேலி ஒரு வரி இறங்கிக்கொண்டது.

அப்பாவைக் கூப்பிட்டாள். இந்த முறை மணி அடித்தது. லாரியின் இரைச்சலோடு குரல் வந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அப்பா, ஒரு நம்பர் வரும். அதச் சொல்லுங்க."

"நேத்தே எல்லாம் எழுதியாச்சுன்னு உங்கம்மா சொன்னாளே?"

"அத மாத்துறோம்பா."

"என்னத்த மாத்துற? யாரு மாத்தச் சொன்னா?"

இசக்கி நல்லபெருமாளைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். பக்கத்தில் டீச்சர் வந்து நிற்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"நான்தான்பா" என்றாள் இசக்கி. "எனக்கு வேற ஒண்ணு படிக்கணும்."

"வேற என்ன?"

"நீங்க போற ரோட்டையெல்லாம் மேப்பு போடுற படிப்புப்பா."

போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. பின்னால் வந்த ஏதோ வண்டி ஹார்ன் அடித்தது. பிறகு இரைச்சலும் நின்றது. அய்யாத்துரை லாரியை ஓரங்கட்டிவிட்டார்.

"ஒரு ரோடு மேப்பிலயே இல்லன்னு அன்னிக்கு சொன்னியே. அப்பருந்தா?"

"ஆமாப்பா."

"ஏம்புள்ள, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேன் அய்யாத்துரை."

"கிடைக்குமா சார்?"

"பொய் சொல்லக் கூடாது. கஷ்டம். கிடைக்காமப் போகத்தான் வாய்ப்பு ஜாஸ்தி."

"இருக்கட்டும் சார். திரும்பி வரும்போது லோடு கிடைக்கும்னு உறுதி தெரிஞ்சுக்கிட்டா நாங்க வண்டிய எடுக்கோம்? எம்புள்ள கேட்டதப் போடுங்க. இந்தா, நம்பர் வந்துட்டு."

ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். இசக்கி தட்டினாள். பட்டியல் பூட்டிக்கொண்டது. ஐந்து மணிக்குச் சில நிமிஷங்கள்தான் பாக்கி இருந்தன.

அடுத்த வாரம் முடிவு வந்தது. சென்னை கிடைக்கவில்லை. இரண்டாவது வரி கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி, சிவில்.

நல்லபெருமாள் ஆறுதல் சொல்ல வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல வார்த்தைகள்தான். ஒன்றையும் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

மண்டபத்து வாசல் வளைவை அடைத்துக்கொண்டு ஒரு லாரி வந்து நின்றது. பக்கத்துக் கடைக்காரர் சத்தம் போட்டார். லாரியிலிருந்து இசக்கி குதித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவள் அப்பா இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை. அதைப் போட்டுப் பழக்கமில்லாதவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

அய்யாத்துரை நேராக நல்லபெருமாளிடம் வந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார்."

"கேட்டது கிடைக்கலையேப்பா."

"கிடைக்கலதான். நேத்து அழுதா. அழுது முடிக்கிற வரைக்கும் நான் போன வைக்கல. பிறகு அவளே சொன்னா. சிவில் முடிச்சுட்டு மேல படிக்கும்போது இந்த மேப்பு படிப்பு படிக்கலாமாம்ல?"

"படிக்கலாம். தாராளமாப் படிக்கலாம்."

"பொறந்ததுலருந்து பாக்கேன் சார். புள்ள மனசுல இப்படி ஒண்ணு கிடக்குன்னு அந்த நம்பர் கேக்கும்போதுதான் தெரியும். எங்க இருந்தாலும் போன் போட்டு, சாப்பிட்டியான்னு கேப்பேன், வச்சிருவேன். இப்ப என்னடான்னா எந்த ரோடு, எந்தப் பாலம், எந்த ஆறுன்னு கேட்டு உயிர வாங்குதா."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் சிரிப்புத்தான்.

"காலேஜ்ல சேக்க இன்னிக்கு நானே போறேன் சார். லோட வேற வண்டிக்கு மாத்தி விட்டுட்டேன். நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன். வழி அவதான் சொல்லுவாளாம், நான் வாயத் திறக்கக் கூடாதாம். திருநெல்வேலிக்கு எனக்கு வழி தெரியாதாக்கும்!"

"நீங்க எப்பவும் சுத்திப் போவீங்கப்பா" என்றாள் இசக்கி.

அவள் டீச்சரைக் கும்பிட்டாள். நல்லபெருமாளிடம் வந்து, "நான் போயிட்டு வாரேன் சார்" என்றாள். முதல் நாள் சொன்ன நன்றியை அவள் இன்று சொல்லவில்லை. அவருக்கும் அது தேவையாக இல்லை.

லாரி பின்னால் நகர்ந்து, திரும்பி, ரோட்டில் ஏறியது. முன்சீட்டிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு இடது பக்கம் காட்டியது. லாரி இடது பக்கம் திரும்பியது.

நல்லபெருமாள் வாசலிலேயே நின்றார். மனசு நிறைந்து போயிருந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. டீச்சர் வந்து பக்கத்தில் நின்றார்.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வந்தது நான் முதல்ல எழுதின அதே காலேஜ்தான். அதே பாடம்தான். அந்த மனுஷன் எதுக்கு என் கையப் பிடிச்சு இவ்வளவு நன்றி சொல்லிட்டுப் போறாரு?"

டீச்சர் லாரி போன திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வியாழக்கிழமையே அந்த நம்பர் கிடைச்சுப் பூட்டியிருந்தா, இன்னிக்கு அந்தப் பிள்ளை தனியா பஸ்ஸுல போயிருக்கும் அண்ணாச்சி."